எட்டுப் பரப்பு எங்கே போனது?

வலிகாமம் வடக்கில் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட நாட்களில் நடந்தது இது. 1990 இல் ஊரை விட்டு வெளிக்கிட்ட குடும்பம் ஒன்று, இருபத்தைந்து வருடங்களுக்குப் பின்னர் தமது காணியைப் பார்க்க வந்திருந்தது. வேலி இல்லை. கிணற்றுக் கட்டு இடிந்து கிடந்தது. பற்றைக்குள் பழைய பூவரசு ஒன்று மட்டும் அடையாளத்துக்கு நின்றது.

வயது முதிர்ந்த தாயார் ஒருவர், பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த காணி உறுதியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். எத்தனை இடப்பெயர்வுகளில் எத்தனை பொருட்களை விட்டுவிட்டு வந்தாலும், அந்தப் பையை மட்டும் அவர் விடவில்லை. மகனின் கையில் புதிய நில அளவை வரைபடத்தின் பிரதி. அவர் அதை வாசித்தார்: “விஸ்தீரணம் 0.2023 ஹெக்டேயர்.”

தாயார் திகைத்துப் போனார். “என்ன தம்பி இது? எங்கட காணி எட்டுப் பரப்பெல்லே! சைபர் தசம் எண்டால் ஒண்டும் இல்லை எண்டதுதானே? எட்டுப் பரப்பு எங்கை போனது? மிச்சத்தை ஆர் எடுத்தது?”

ஒருவரும் எடுக்கவில்லை. எட்டுப் பரப்பு என்றால் அரை ஏக்கர். அரை ஏக்கர் என்றால் 0.2023 ஹெக்டேயர். மூன்றும் ஒரே காணிதான். அங்கேயே நிலத்தில் தடியால் கீறிக் கணக்குச் சொன்னோம். தாயார் தலையாட்டினார். ஆனால் முழு மனதோடு நம்பினார் என்று சொல்ல முடியாது. கால் நூற்றாண்டாகத் தனது காணிக்குள் கால் வைக்க முடியாதிருந்த ஒருவருக்கு, புரியாத எண் ஒன்றைக் காட்டி “இதுதான் உங்கள் காணி” என்றால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

போகும்போது அவர் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். “பரப்பும் கொத்தும் எங்களுக்கு விளங்கும். ஏன் அதை விட்டுப்போட்டு விளங்காத அளவுக்குப் போகவேணும்?”

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடுவோம்.

எது எங்கள் அளவு?

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். “எங்கட பழைய அளவு” என்று நாம் சொல்வன எல்லாம் எங்களுடையவை அல்ல. ஏக்கர், பேர்ச், புசல், அந்தர், மைல் ஆகியவை ஆங்கிலேயர் ஆட்சியில் எம்மிடம் வந்து சேர்ந்தவை. றாத்தல் என்ற சொல் அதற்கும் முன்னர் போர்த்துக்கேயர் வழியாக வந்தது. வந்தவற்றை நாம் எமதாக்கிக்கொண்டோம். மைலுக்கு நாட்டிய கல்லைப் பார்த்து “கட்டை” என்றோம். “மூன்றாம் கட்டைச் சந்தி” என்று ஊருக்கே பெயர் வைத்தோம்.

உண்மையில் எமது மண்ணில் பிறந்த அளவுகள் வேறு வகையானவை. யாழ்ப்பாணத்தில் குழி, இலாச்சம், பரப்பு. கிழக்கில் மரைக்கால், அவணம். வீட்டில் சுண்டு, கொத்து. உடம்பில் சாண், முழம், பாகம். இவற்றுக்குள் ஒரு நல்ல அறிவு இருக்கிறது. இலாச்சமும் அவணமும் நிலத்தை விதைநெல்லால் அளந்தவை. எவ்வளவு விதை கொள்ளும் நிலம் என்பதே அந்த நிலத்தின் அளவு. கமக்காரனுக்கு வேண்டியதும் அதுதான். நாற்பது அடி, ஐம்பது அடி என்ற எண்ணால் அவனுக்கு என்ன பயன்? இந்த வயலுக்கு எத்தனை மரைக்கால் விதை எடுத்து வைக்க வேண்டும் என்பதே அவன் கேள்வி.

களத்தில் நெல் அளக்கும்போது முதல் அளவை “ஒன்று” என்று எண்ணாமல் “லாபம்” என்று எண்ணிய முதியவர்களைப் பலர் கண்டிருப்பீர்கள். அந்த அளவுகள் வெறும் எண்கள் அல்ல. உழைப்பு, நம்பிக்கை, அயல் உறவு எல்லாம் அவற்றோடு சேர்ந்திருந்தன. எனவே “பழசு எல்லாம் மூடத்தனம்” என்று பேசுபவர்களோடு நாம் சேர வேண்டியதில்லை.

ஆனால் இந்த அளவுகளுக்கு ஒரு குறை உண்டு. அவை ஊரோடு ஒட்டியவை. ஊரில் எல்லோருக்கும் எல்லோருடைய கொத்தும் தெரியும். எந்த வீட்டுக் கொத்து சற்றுச் சிறியது என்பதும் தெரியும். கடன் வாங்கிய கொத்தாலேயே திருப்பி அளந்து கொடுக்கலாம். ஊரை விட்டு வெளிக்கிட்டவுடன் இந்தப் பாதுகாப்புப் போய்விடுகிறது. 1995 இன் பெரும் இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து வன்னிக்குச் சென்றவர்கள் இதை அனுபவித்திருப்பார்கள். பரப்புக் கணக்கில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர்கள், ஏக்கர் கணக்கில் வயல் செய்பவர்களிடம் குத்தகைக்கு நிலம் கேட்டு நின்றார்கள். அளவு தெரியாதவன் பேரம் பேச முடியாது. சொன்னதைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே ஊரோடு இருப்பவனை விட, இடம்பெயர்ந்தவனுக்குத்தான் எங்கும் செல்லுபடியாகும் பொது அளவு அதிகம் தேவைப்படுகிறது.

அளவு யார் கையில்?

மீற்றரும் கிலோகிராமும் எங்கே பிறந்தன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். விஞ்ஞானிகள் அவற்றை உருவாக்கினார்கள் என்பது உண்மை. ஆனால் அதற்கான குரல் கமக்காரரிடமிருந்தும் எழுந்தது.

பிரான்ஸ் நாட்டில் புரட்சிக்கு முன்னர் ஊருக்கு ஊர் வேறு அளவு. பெயர் ஒன்றாக இருக்கும், அளவு வேறாக இருக்கும். குடியானவர்கள் நிலப்பிரபுவுக்குத் தானியமாகவே வரி செலுத்தினார்கள். அந்தத் தானியத்தை அளக்கும் மரக்கால் பிரபுவின் மாளிகையில் இருந்தது. வரி கூடவில்லை என்று சொல்லிக்கொண்டே மரக்காலைப் பெருப்பித்தால் போதும். குவித்து அளப்பதா, தலை தட்டி அளப்பதா என்பதும் வல்லவன் விருப்பம். உயரத்திலிருந்து கொட்டினால் தானியம் இறுகி, அதே மரக்கால் கூடுதலாகக் கொள்ளும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாய் அகன்ற மரக்காலில் குவியல் பெரிதாக நிற்கும் என்பதும் தெரிந்திருந்தது.

1789 இல் மக்கள் தமது முறைப்பாடுகளை எழுதி அனுப்பும்படி கேட்கப்பட்டபோது, நாடெங்கும் ஒரே நிறையும் ஒரே அளவும் வேண்டும் என்ற கோரிக்கை ஊர் ஊராக வந்து குவிந்தது. 1795 இல் மீற்றர், லீற்றர், கிராம் என்பவை சட்டமாயின. பூமியின் அளவிலிருந்தே மீற்றரை எடுத்தார்கள். எந்த அரசனின் முழங்கையிலிருந்தும் எடுக்கவில்லை.

கதை அதோடு முடியவில்லை. புதிய அளவு மக்களுக்குப் பிடிக்கவில்லை. சந்தையில் குழப்பம். கடைசியில் 1812 இல் நெப்போலியன் அரசு பழைய பெயர்களில் அளவுகளை மீண்டும் அனுமதித்தது. 1840 ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்துதான் மீற்றர் முறை அங்கு மீண்டும் முழுமையாகக் கட்டாயமானது. மீற்றரைப் பெற்றெடுத்த நாட்டுக்கே அதைப் பழகிக்கொள்ள ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது. எமது தாய்மார் தடுமாறினால் அது அறியாமை அல்ல.

எமது நாட்டில் இந்த மாற்றம் 1970களில் தொடங்கியது. இப்போது நடைமுறையில் உள்ள அடிப்படைச் சட்டம் 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம். ஆனால் பேச்சில் இன்னும் பாதி பழையது. பாணை “ஒரு றாத்தல்” என்றே கேட்கிறோம், அதன் நிறையோ 450 கிராம். மணலைக் கியூப்பில் வாங்குகிறோம். பாலைப் போத்தலில் விற்கிறோம். காணியைப் பரப்பில் பேசி, ஹெக்டேயரில் எழுதுகிறோம். நாம் இரண்டு அளவுகளுக்கும் நடுவில் நிற்கிறோம். நட்டம் வருவது பெரும்பாலும் இந்த நடுவில்தான்.

இரண்டையும் கலந்தால்

1983 ஜூலையில் கனடாவில் பயணிகள் விமானம் ஒன்று வானத்தில் பறந்துகொண்டிருக்கும்போதே எரிபொருள் தீர்ந்து இயந்திரங்கள் நின்றுபோயின. காரணம் மிகச் சிறியது. அந்நாடு அப்போது மீற்றர் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. எரிபொருளைக் கிலோகிராமில் கணக்கிட வேண்டிய இடத்தில் றாத்தல் கணக்கைப் பாவித்துவிட்டார்கள். தேவையானதில் பாதிக்கும் குறைவாகவே எரிபொருள் இருந்தது. விமானி சாமர்த்தியமாக விமானத்தைச் சறுக்கவிட்டு, கிம்லி என்ற இடத்தில் பழைய ஓடுபாதை ஒன்றில் இறக்கினார். விமானத்தில் இருந்த 69 பேரும் தப்பினார்கள்.

படித்த பொறியியலாளருக்கே இந்தத் தவறு வருமென்றால், தோட்டத்தில் நிற்கும் எமக்கு வராதா? வருகிறது. சில இடங்களைப் பார்ப்போம்.

பசளை: பசளை விபரம் அச்சிட்ட துண்டுகளில் சில ஹெக்டேயர் கணக்கில் இருக்கும், சில ஏக்கர் கணக்கில் இருக்கும். ஹெக்டேயர் ஒன்றுக்கு 100 கிலோ என்று போட்டிருப்பதை ஏக்கருக்கு என்று நினைத்துப் போட்டால், தேவையைப் போல் இரண்டரை மடங்கு மண்ணுக்குள் போகும். காசும் போகும். நைதரசன் மிஞ்சினால் நெற்பயிர் தழைத்துச் சாயும், பூச்சி பிடிக்கும். யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில் மிஞ்சிய பசளை நைத்திரேற்றாகக் கரைந்து, நாம் குடிக்கும் கிணற்றுக்கே இறங்கும். ஹெக்டேயருக்கு 100 கிலோ என்றால் ஏக்கருக்கு 40 கிலோ, பரப்புக்கு இரண்டரைக் கிலோ. இதை மனதில் வைத்தால் மற்ற எல்லாக் கணக்கும் வரும். 200 கிலோ என்றால் இரட்டிப்பு, 50 கிலோ என்றால் பாதி.

கிருமிநாசினி: “இரண்டு மூடி விடு” என்பது எமது தோட்டங்களில் நிலைத்துவிட்ட அளவு. ஆனால் ஒரு போத்தலின் மூடியும் இன்னொன்றின் மூடியும் ஒன்றல்ல. லேபிளில் 10 லீற்றர் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர் என்று இருந்தால், 16 லீற்றர் கொள்ளும் தெளிகருவிக்கு 32 மில்லிலீற்றர். கோடு போட்ட சிறிய அளவுக் குவளை ஒன்றை வாங்கி, கிருமிநாசினிக்கு மட்டும் ஒதுக்கி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். அடுப்படிக் கரண்டியை இதற்கு ஒருபோதும் எடுக்க வேண்டாம்.

போத்தலும் லீற்றரும்: எமது வழக்கில் ஒரு போத்தல் என்பது 750 மில்லிலீற்றர். லீற்றர் என்பது 1000 மில்லிலீற்றர். பால் விற்கும் தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும். போத்தல் 120 ரூபா என்றால் லீற்றர் 160 ரூபாவாக இருக்க வேண்டும். “லீற்றருக்கு 140 தாறன், போத்தலை விட இருபது ரூபா கூட” என்று ஒருவர் சொன்னால் அது இலாபம் போலத் தெரியும். உண்மையில் லீற்றருக்கு இருபது ரூபா நட்டம். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கரைக்கும்போதும் இதே கவனம் வேண்டும். ஒரு லீற்றர் என்று பக்கற்றில் இருந்தால், ஒரு போத்தலும் இன்னுமொரு போத்தலின் மூன்றில் ஒரு பங்கும் தண்ணீர் வேண்டும். ஒரு போத்தலோடு நிறுத்தினால் கரைசல் கடுமையாகிக் குழந்தைக்குத் தீங்காகும்.

அந்தர்: உண்மையான அந்தர் 112 றாத்தல், அதாவது 50.8 கிலோ. பசளைப் பை 50 கிலோ. இரண்டையும் நாம் அந்தர் என்றே சொல்கிறோம். வித்தியாசம் 800 கிராம்தானே என்று நினைக்கலாம். வெங்காயம் இருபத்தைந்து அந்தர் விற்கும்போது அது இருபது கிலோவாகிவிடும். விலை பேச முன்னரே “அந்தர் எத்தனை கிலோ?” என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கிலோ வந்தால் களவு போகுமா?

போகாது. இதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அளவை மாற்றுவதால் மட்டும் ஏழைக்கு நீதி கிடைத்துவிடாது.

வடக்கின் சந்தைகளில் நூறு கிலோ மரக்கறிக்குப் பத்துக் கிலோ “கழிவு” எடுக்கும் வழக்கத்தைப் பற்றி விவசாயிகள் பல வருடங்களாக முறையிட்டு வந்திருக்கிறார்கள். அங்கே தராசு கிலோத் தராசுதான். சரியாகவும் நிறுத்திருக்கலாம். ஆனால் நிறுத்த பிறகு பத்தில் ஒன்றைக் கழித்தால், சரியான தராசு இருந்தும் பயன் என்ன? பிரபுவின் மரக்கால் பெருத்த அதே கதை, வேறு வேடத்தில். நெல் மூடைக்குச் சாக்கு நிறை என்று ஒன்று, ஈரம் என்று இன்னும் ஒன்று எனக் கழிப்பதும் இந்த வகைதான்.

ஈரத்தைப் பற்றி ஒரு விளக்கம். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதன் உள்ள நெல்லை அளவுகோலாகக் கொள்கிறது. 20 வீத ஈரம் உள்ள 100 கிலோ நெல்லை 14 வீதத்துக்குக் காயவைத்தால் 93 கிலோ மிஞ்சும். ஆகவே ஈர நெல்லுக்குக் கழிப்பது முற்றிலும் அநியாயம் அல்ல. ஆனால் எவ்வளவு ஈரம் என்று மானியால் அளக்காமல், கையால் அள்ளிப் பார்த்து “பத்துக் கிலோ கழி” என்பது அநியாயம். நெல்லை நன்கு காயவைத்துத் தூற்றிக் கொண்டுபோனால், கழிப்பதற்கு எதிராகப் பேச உங்களுக்கு வாய் இருக்கும்.

பழைய புசலிலும் இந்தச் சிக்கல் வேறு உருவத்தில் இருந்தது. புசல் என்பது கொள்ளளவு, நிறை அல்ல. சப்பட்டை நெல்லும் புசலை நிரப்பும், மணி நிறைந்த நெல்லும் புசலை நிரப்பும். நல்ல நெல் விளைவித்தவனுக்கு அதனால் பலன் இல்லை. நிறுத்து விற்றால் மணியின் கனத்துக்கும் விலை கிடைக்கும். இது கிலோவின் பக்கம் உள்ள உண்மையான நன்மை.

தராசைப் பொறுத்தவரை சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசும் படியும் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டு முத்திரை இடப்பட வேண்டும். முத்திரையைக் காட்டும்படி கேட்பது உங்கள் உரிமை. தனியாகக் கேட்கத் தயங்கினால் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். சங்கமாகச் சேர்ந்து ஒரு தராசை வாங்கி, முத்திரை இடுவித்து, சந்தைக்குப் போக முன்னர் வீட்டிலேயே நிறுத்துக் கொண்டுபோவது இன்னும் நல்லது. தன் பொருளின் நிறை தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம்.

காணி உறுதியைத் தொட வேண்டாம்

இப்போது தாயாரின் எட்டுப் பரப்புக்குத் திரும்புவோம். காணி விடயத்தில் அவசரப்படக் கூடாது. “பழைய அளவு செல்லாது, உறுதியை மாற்ற வேண்டும்” என்று யாராவது சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். பரப்பிலோ இலாச்சத்திலோ எழுதப்பட்ட உறுதி, அந்தக் காரணத்துக்காக வலிமை இழப்பதில்லை. புதிய வரைபடம் ஹெக்டேயரில் இருப்பது, அதே காணியை வேறு மொழியில் சொல்வது மட்டுமே.

ஆனால் சில விடயங்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஒன்று, எல்லைகள். பழைய உறுதிகளில் கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என நாலு பக்கமும் யார் காணி, எந்த ஒழுங்கை என்று எழுதியிருக்கும். விஸ்தீரணத்தைப் போலவே எல்லைகளும் முக்கியம். எல்லைக் கற்களும் வேலிகளும் அழிந்த இடங்களில், அந்தப் பெயர்களை அறிந்த முதியவர்களின் நினைவுதான் மிஞ்சிய சாட்சி. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பழைய கிணறு, பூவரசு, பனை வரிசை எல்லாவற்றையும் குறியுங்கள்.

இரண்டு, இலாச்சம். பழைய உறுதிகளில் நெல் விதைப்பு இலாச்சம், வரகு விதைப்பு இலாச்சம் என இரண்டு வகை உண்டு. இரண்டும் ஒரே அளவல்ல. வரகு இலாச்சமே பெரியது. உங்கள் உறுதியில் எது எழுதியிருக்கிறது என்று பாராமல் கணக்குப் போட்டால், இல்லாத நட்டத்தைக் கண்டு சண்டை பிடிப்பீர்கள், அல்லது இருக்கும் நட்டத்தைக் காணாமல் விடுவீர்கள். நொத்தாரிசிடமோ நில அளவையாளரிடமோ கேட்டுத் தெளியுங்கள்.

மூன்று, மாற்றிப் பார்த்த கணக்கில் சிறு வித்தியாசம் வரலாம். எட்டுப் பரப்புக்கு 0.2023 வருவதற்குப் பதிலாக 0.2010 அல்லது 0.2035 வந்தால் அது அளந்த முறையின் வித்தியாசமாக இருக்கலாம். அக்காலத்தில் சங்கிலியும் தடியும் கொண்டு அளந்தார்கள், இப்போது கருவியால் அளக்கிறார்கள். ஆனால் 0.17 என்று வந்தால் ஒரு பரப்புக்கு மேல் குறைகிறது. அப்போது கையெழுத்து வைக்க முன்னர் கேள்வி கேளுங்கள்.

நீங்களே கணக்குப் பார்க்க ஒரு சுருக்கு வழி: ஹெக்டேயர் எண்ணைப் பத்தாயிரத்தால் பெருக்குங்கள், சதுர மீற்றர் வரும். அதை 253 ஆல் பிரியுங்கள், பரப்பு வரும். 0.2023 ஐப் பத்தாயிரத்தால் பெருக்க 2023. அதை 253 ஆல் பிரிக்க, எட்டு. பள்ளிக்குப் போகும் பிள்ளை இதை இரண்டு நிமிடத்தில் செய்யும். பிள்ளையைக் கொண்டு செய்விப்பதில் இன்னொரு நன்மை, காணியின் கதையையும் பிள்ளை அறிந்துகொள்ளும்.

வெட்டி ஒட்டி வைக்க ஒரு பட்டியல்

நிலம்
1 பரப்பு = 10 பேர்ச் = ஏறத்தாழ 253 சதுர மீற்றர்
16 பரப்பு = 1 ஏக்கர் = 160 பேர்ச் = 0.405 ஹெக்டேயர்
1 ஹெக்டேயர் = 10,000 சதுர மீற்றர் = ஏறத்தாழ 2½ ஏக்கர் = ஏறத்தாழ 39½ பரப்பு

நிறை
1 றாத்தல் = ஏறத்தாழ 454 கிராம் (அரைக் கிலோவை விடக் குறைவு)
1 அந்தர் = 112 றாத்தல் = 50.8 கிலோ
1 புசல் நெல் = ஏறத்தாழ 21 கிலோ

கொள்ளளவு
1 போத்தல் = 750 மில்லிலீற்றர்
4 போத்தல் = 3 லீற்றர்
1 கலன் = ஏறத்தாழ 4½ லீற்றர்
4 சுண்டு = 1 கொத்து
1 கியூப் மணல் = 100 கன அடி = ஏறத்தாழ 2.8 கன மீற்றர்

நீளம்
1 அடி = ஏறத்தாழ 30½ சென்ரிமீற்றர்
1 யார் = ஏறத்தாழ 91 சென்ரிமீற்றர்
1 மைல் (கட்டை) = ஏறத்தாழ 1.6 கிலோமீற்றர்

அப்படியானால் மாறுவதா, விடுவதா?

எமது முடிவு இதுதான். காசு கை மாறும் இடத்திலும், நஞ்சு அளக்கும் இடத்திலும், மருந்து கரைக்கும் இடத்திலும், அரசாங்கக் கடதாசியில் கையெழுத்து வைக்கும் இடத்திலும் கிலோ, லீற்றர், ஹெக்டேயர் என்பவற்றைப் பழகிக்கொள்வோம். இவை எந்த ஊருக்குப் போனாலும் ஒரே அளவு. கச்சேரியிலும் சரி, கொழும்பிலும் சரி, வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கு எழுதும் கடிதத்திலும் சரி, மாறாது. மீண்டும் ஒருமுறை வேறு ஊருக்குப் போக நேர்ந்தாலும் எம்மோடு வரும்.

வீட்டில் உலை வைக்கும் சுண்டையும், அயலவருக்குக் கைமாற்றாகக் கொடுக்கும் கொத்தையும், பேச்சில் வாழும் பரப்பையும் யாருக்காகவும் கைவிட வேண்டியதில்லை. ஒரு சுண்டு அரிசியைத் தராசில் போட்டு நிறுத்துச் சமைக்கும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுண்டு எத்தனை கிராம் கொள்கிறது என்று ஒருமுறை நிறுத்துப் பார்த்து வையுங்கள். நிவாரணமோ பங்கீடோ எது வந்தாலும், தகரப் பேணியால் அளந்து தந்தது சரியா, குறைவா என்று அறிய உதவும்.

இரண்டு மொழி தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம் என்பார்கள். இரண்டு அளவு தெரிந்தவனும் அப்படித்தான்.

சில மாதங்களுக்குப் பின்னர் அந்தத் தாயாரின் வீட்டுக்குப் போயிருந்தோம். தகரக் கொட்டில் ஒன்று போட்டிருந்தார்கள். கிணறு இறைத்துத் துப்புரவாக்கியாயிற்று. வெங்காயத்துக்கு இரண்டு பரப்புக் கொத்தியிருந்தார்கள். உறுதி அதே பொலித்தீன் பையில்தான் இருந்தது. அதனுள் பேத்தியின் எழுத்தில் ஒரு துண்டுக் கடதாசி புதிதாகச் சேர்ந்திருந்தது: “எட்டுப் பரப்பு = அரை ஏக்கர் = 0.2023 ஹெக்டேயர்.” அதற்குக் கீழே நாலு எல்லைகளும், பூவரசு நிற்கும் மூலையும்.

“இப்ப நம்புறியளோ அம்மா?” என்று கேட்டோம்.

“கடதாசியை நம்புறனோ தெரியாது தம்பி” என்றார். “ஆனால் இனி ஆரும் வந்து சைபர் எண்டு சொன்னால், எந்தச் சைபர் எண்டு நான் கேப்பன்.”